கேள்வி – பதில்: பட்டாளத்துச் சாமான் வீட்டை நிறைக்கும்போது

சென்ற இதழில் மூர் மார்க்கெட் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதுகையில், 1985-இல் தீக்கிரையான அந்தக் கட்டடத்தின் பழம்பொருள் கடைகளைத் தேடிப் போனவர்களில் போர்க்காலப் பொருள் சேர்ப்பவர்களும் இருந்தார்கள் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வடசென்னையிலிருந்து கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: என் கணவர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் மேற்பார்வையாளர். சில ஆண்டுகளுக்கு முன் மூலக்கொத்தளத்தில் ஒரு காயலாங்கடையில் பழைய ராணுவத் தண்ணீர்க் குப்பி ஒன்றை வாங்கிவந்தார். நீல எனாமல் பூசி, காக்கிக் கம்பளி உறை தைத்த அந்தக் குப்பியை அப்போது நானும் ரசித்தேன். இன்று கட்டிலுக்கு அடியிலும் பரண்மேலும் இரும்புத் தொப்பிகள், கான்வாஸ் பட்டைகள், தோட்டாப் பெட்டிகள். பிள்ளைகள் படிக்கும் மேசையில்கூட இடமில்லை. தீபாவளிச் சீட்டுப் பணம் போன இடம் தெரியவில்லை. என் சங்கிலி அடகில் இருப்பதே வட்டி கேட்டு வந்த தொலைபேசி அழைப்பில்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "குடிக்கிறேனா, சீட்டாடுகிறேனா?" என்கிறார். இது பைத்தியமா, பழக்கமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சகோதரிக்கு, உங்கள் கணவர் கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். அவர் குடிக்கவில்லை, சீட்டாடவில்லை என்பது உண்மைதான். ஆனால் வாரந்தோறும் காயலாங்கடைகளைச் சுற்றிவருகிறவரின் மனத்தில் நடப்பதைக் கவனித்தால், சீட்டாட்டத்துக்கும் அதற்கும் ஓர் உறவு இருப்பது புரியும். பலமுறை வெறுங்கையோடு திரும்பிய பிறகு, ஒரு நாள் துருப்பிடித்த இரும்புக் குவியலின் அடியில் எழுத்துப் பொறித்த பித்தளைக் கொக்கி ஒன்று கண்ணில் படும். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாள்களையெல்லாம் மனம் மன்னித்துவிடும். எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாகப் பற்றவைக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

இதற்கு மேல், அவர் தேர்ந்தெடுத்திருக்கும் பொருளுக்கே ஒரு குணம் உண்டு. படைக்காக லட்சக்கணக்கில் செய்யப்பட்ட பொருள்களுக்கு மாதிரியின் பெயரும், செய்த ஆண்டும், செய்த நிறுவனத்தின் முத்திரையும் இருக்கும். நீங்கள் குறிப்பிடும் குப்பியும் கான்வாஸ் பட்டைகளும் பெரும்பாலும் "1937 பேட்டர்ன்" என்று சேகரிப்பாளர்கள் சொல்லும், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் அணிந்த தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்கும். இடுப்புப் பட்டை, தோளில் குறுக்காகப் போகும் இரண்டு பட்டைகள், பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியின் தோட்டா உறை புகும் அளவுக்குத் தைத்த இரண்டு பெரிய பைகள், முதுகுப் பை, குப்பியைத் தாங்கும் பட்டை, துப்பாக்கி ஈட்டியை (பயனெட்) செருகும் உறை, கணுக்கால் கட்டு என்று ஒரு சிப்பாயின் உடம்பில் ஏறியவை இவை. குப்பி கையில் இருந்தால் அதைத் தாங்கும் பட்டை வேண்டும் என்று தோன்றும். பட்டை கிடைத்தால் இடுப்புக் கச்சை வேண்டும். ஒரு தொகுதி நிறைந்துவிட்டதே என்று மூச்சு விடும்போது, இதே பொருள்கள் பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் தனித்தனி முத்திரைகளோடு தைக்கப்பட்டவை என்ற செய்தி தெரியவரும். அதோடு பட்டியல் நான்கு மடங்காகிவிடும். தபால்தலை சேர்ப்பவருக்கும் இதே ஆசைதான். ஆனால் அவருடைய ஆசை ஒரு ஆல்பத்துக்குள் அடங்கும். இரும்புத் தொப்பி அப்படி அடங்காது.

இன்னொன்றும் உண்டு, அதை நீங்கள் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தைத்த நூலைப் பார்த்தே ஆண்டைச் சொல்லக்கூடிய ஒருவருக்கு, வேலையிடத்தில் கிடைக்காத ஒரு மதிப்பு அந்தக் கடை வாசலில் கிடைக்கிறது. கடைக்காரர் அவரை "சார்" என்று அழைத்து, அவருக்கென்றே ஒரு சாக்கை எடுத்துவைக்கிறார். அந்தச் சாக்கை வேண்டாம் என்று சொல்வது, அந்த மதிப்பையே வேண்டாம் என்று சொல்வதாக அவருக்குத் தோன்றுகிறது.

இது நோயா என்று கேட்டால், பொருள் சேர்ப்பதே நோயாகாது. எதையும் தூக்கிப் போட முடியாமல், வீட்டின் அறைகள் பயன்படாத அளவுக்குக் குவிக்கும் நிலையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட தன் கையேட்டில் தனிக் கோளாறாகச் சேர்த்தது. அங்கும் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சேகரிப்பவரை அதிலிருந்து பிரித்தே பார்க்கிறார்கள். உங்கள் கணவர் இன்னும் வரிசைப்படுத்துகிறாரா, அல்லது வாங்கிய சாக்கைப் பிரிக்காமலேயே அடுத்த சாக்கை வாங்குகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், அவருக்கு இப்போது பொருள்மேல் ஆசை இல்லை, வாங்குவதன்மேல்தான் ஆசை. எங்கள் மதிப்பீட்டில், வீட்டுக்குத் தெரியாமல் சங்கிலியை அடகு வைத்த அன்றே அவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். விலையை மறைத்துச் சொல்வது, கடன் வாங்கி வாங்குவது, வாங்கியதைப் பக்கத்து வீட்டில் ஒளித்துவைப்பது ஆகிய மூன்றில் எது வந்தாலும் பொழுதுபோக்கு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறோம். அவர் வேலைக்குப் போன நேரத்தில் காயலாங்கடைக்காரரை வரவழைத்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆத்திரம் தீரும், ஆனால் இழந்ததை ஈடுகட்ட அவர் இரண்டு மடங்கு வாங்குவார். உங்கள்மீதான நம்பிக்கையும் அதோடு போய்விடும். மாறாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் வீதம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எது, எந்த ஆண்டு, என்ன முத்திரை, எங்கே வாங்கியது, என்ன விலை. எழுதும்போதே ஒரே மாதிரியான ஏழு பைகள் இருப்பது அவருக்கே உறைக்கும். இரட்டைப்படியாக இருப்பவற்றை அவரே தன் சேகரிப்பாள நண்பர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் முதலில் சங்கிலியை மீட்கட்டும். நோட்டில் பக்கம் எழுதி முடியாத பொருள் வீட்டில் இருக்கும்வரை புதிய பொருள் வரக்கூடாது என்பதை இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை வைப்பதைவிட இது பலன் தரும் என்று நினைக்கிறோம், ஏனென்றால் தொகையை ஏய்க்கலாம், நோட்டை ஏய்ப்பது கடினம்.

அவர் ஒப்புக்கொண்டும் கை நிற்கவில்லை என்றால், 14416 என்ற, அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவும் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அந்தச் சுளிப்புக்குப் பயந்து வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்குப் போனதாகச் சொல்வார்கள். பீரோவில் அவருடைய வெள்ளிப் பதக்கம் ஒன்று கறுத்துப்போய்க் கிடக்கிறது. சௌகார்பேட்டையில் எடைக்கு விலை சொன்னார்கள். விற்பதற்கு முன் அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்கிறார். விற்கலாமா?
— கல்லூரி மாணவர், பட்டாளம்

பதில்: தம்பி, முதலில் அம்மாவின் கையிலிருந்து புளியை வாங்கிவிடுங்கள். புளியின் அமிலம் குத்துவிளக்குக்குச் சரி. பதக்கத்தின் மேல் நூறாண்டாகப் படிந்த கருமை அதற்கு ஒரு காப்பு. அதைச் சுரண்டினால் நுண்ணிய எழுத்துகளும் மழுங்கும், விவரம் தெரிந்தவர் கொடுக்கும் விலையும் குறையும்.

நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் போர்ப் பதக்கமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபக்கம் குதிரைமேல் ஆடையின்றி அமர்ந்த வீரனும் 1914, 1918 என்ற ஆண்டுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குதிரையின் காலடியில் கழுகு பொறித்த கேடயம் ஒன்று மிதிபட்டுக் கிடக்கும். இனிப் பதக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் சுற்றிலும் படியுங்கள். அங்கே பட்டாள எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். "கியூ.வி.ஓ." என்றும் அதை அடுத்து "எஸ். அண்ட் எம்." என்றும் இருந்தால், விக்டோரியா அரசியின் பெயர் தாங்கிய மதராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில், அதாவது பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அகழி வெட்டுவதுமான பொறியியல் பிரிவில் உங்கள் கொள்ளுத்தாத்தா இருந்தார் என்று கொள்ளலாம். சுமை தூக்கியவர்களுக்கும் தொழிலாளர் பிரிவினருக்கும் இதே பதக்கம் வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் கொடுக்கப்பட்டது. இன்று அந்த வெண்கலம்தான் அரிது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். மெசபொடேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னம் 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறது. ஆனால் அது இறந்தவர்களின் பட்டியல். உயிரோடு ஊர் திரும்பியவர் என்றால் அங்கே அவர் இருக்கமாட்டார், அந்த விளிம்பெழுத்துதான் அவர் போனதற்குச் சான்று. 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியபோது இத்தகைய பதக்கங்கள் பெருமளவில் உருக்கப்பட்டன. எடைக்கு விற்றால் கிடைப்பது சுமார் ஓர் அவுன்ஸ் வெள்ளியின் காசு மட்டுமே. விற்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: பதினேழு அங்குல அலகு கொண்ட துப்பாக்கி ஈட்டி ஒன்று, உறையோடு வாங்கினேன். தோட்டா மாதிரியான இரண்டு பொருள்களையும் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார். வீட்டில் வைத்திருப்பது குற்றமா?
— மீன்வலை வியாபாரி, திருவொற்றியூர்

பதில்: உங்கள் கையில் இருப்பது லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் பொருத்தும் 1907 மாதிரி ஈட்டியாக இருக்கலாம், பதினேழு அங்குலம் என்பது அதன் அளவுதான். ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர் ஆயுதங்கள் தனிப் பிரிவாகவே குறிக்கப்பட்டுள்ளன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் தேவை. எனவே கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், பொருளின் படத்தையும் வாங்கிய ரசீதையும் இணைத்துக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் அதை வெளியே எடுத்துப் போகாதீர்கள். கோயில் திருவிழா ஊர்வலத்தில் பட்டாள வேடத்துக்காக எடுத்துப் போனாலும் விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்குத்தான் வரும். சுட முடியாத, செப்பனிட்டாலும் சுட முடியாத பழம் துப்பாக்கிகளுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் சுட முடியுமா, முடியாதா என்பதைச் சேகரிப்பவர் தாமே தீர்மானித்துக்கொள்ள இயலாது.

இலவசமாக வந்த அந்த இரண்டும்தான் எங்களுக்குக் கவலை தருகிறது. அடிப்பாகத்தின் நடுவில் ஊசி குத்திய பள்ளம் இல்லையென்றால் அது வெடிக்காத தோட்டாவாக இருக்கலாம். தட்டிப் பார்க்கவோ, கழற்றவோ, வெயிலில் வைக்கவோ வேண்டாம். உடனே 112 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதும் குற்றம்தான், ஆனால் நீங்களே முன்வந்து ஒப்படைப்பது வேறு, சோதனையில் அகப்படுவது வேறு. இந்தக் கடற்கரையில் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. அன்று விழுந்த குண்டின் சிதறல் என்று சொல்லி எதையாவது விற்க வருபவர்கள் இன்றும் உண்டு. அது பொய்யாக இருந்தால் பணம் மட்டும் போகும். மெய்யாக இருந்து, வெடிக்காததாகவும் இருந்தால்?

கேள்வி: பழைய ராணுவத் திசைகாட்டி ஒன்றின் முள் இருட்டில் ஒளிர்வதை நிறுத்திவிட்டது. திறந்து புதிய ஒளிர்பூச்சு பூசலாமா?
— கொடுங்கையூர் வாசகர்

பதில்: திறக்கவே கூடாது. அக்காலப் பூச்சில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருப்பது வழக்கம். ஒளி தரும் துத்தநாக சல்பைடுதான் சோர்ந்துபோயிருக்கிறது. சுமார் 1,600 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ரேடியத்துக்கு எண்பது ஆண்டு ஒரு பொருட்டே அல்ல. கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் வாங்காதீர்கள். முழுதாக இருந்தால் படுக்கையறையில் வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இதே வரிசையில் போர்க்கால வாயுக் கவசங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் வடிகட்டிகள் பலவற்றில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது, ஆகவே விளையாட்டுக்குக்கூட முகத்தில் மாட்டிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: அசல் எது, போலி எது என்று புதிதாகச் சேர்ப்பவன் எப்படிக் கண்டுபிடிப்பது?
— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: துணிப் பொருள் என்றால், கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் அதன்மேல் காட்டுங்கள். தையல் நூல் பளீரென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அது பிற்காலத்து நூல், ஏனென்றால் அந்த ஒளிர்ச்சியைத் தரும் வெண்மையூட்டிகள் போருக்குப் பிறகே பரவலாயின. ஆனால் இன்றைய சலவைத்தூளில் துவைத்த அசல் துணியும் ஒளிரும். ஆகவே நூல் மட்டும் ஒளிர்கிறதா, துணி முழுவதுமா என்று வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். இரும்பிலும் பித்தளையிலும் அரசு உடைமையைக் குறிக்கும் அம்புக் குறி இருக்கும். இந்தியாவுக்கு உரியவற்றில் அதோடு 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்திருப்பதுண்டு. போலிகளில் இந்தக் குறி தேவைக்கு மேல் ஆழமாகவும், தேய்மானத்துக்கு மேலேயே குத்தியதாகவும் தெரியும். லண்டன் என்று பெரிதாகப் பொறித்துப் பளபளக்கும் பித்தளைத் திசைகாட்டிகளையும், ஜெர்மானியச் சின்னம் பொறித்த எதையும், நம் ஊர்ச் சந்தையில் கண்டால் நகர்ந்துவிடுங்கள். அவை இங்கே வந்துசேர ஒரு வழி இருந்திருக்க வேண்டுமே என்று கேட்டுப் பார்த்தாலே பாதி ஐயம் தீரும். போர் முடிந்ததும் அரசு ஏலம் விட்ட உபரிச் சாமான்கள், பல்லாவரம், பரங்கிமலைப் படைக் குடியிருப்புகள், ஓய்வுபெற்ற சிப்பாய்களின் டிரங்குப் பெட்டிகள் என்று நமக்கு உள்ள வழிகள் சிலவே. அவற்றின் வழியாக வரக்கூடியதை மட்டும் நம்புவது நல்லது.

கேள்வி: எனக்கு எழுபது வயதாகிறது. இரண்டு உலகப் போர்களையும் சேர்ந்த சீருடைகள், தொப்பிகள், பதக்கங்கள் என்று ஓர் அறை நிறைய இருக்கிறது. மகனும் மகளும் வேண்டாம் என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறார். என்ன செய்வது?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

பதில்: ஐயா, வெளிநாட்டவருக்குப் பதில் எழுதும் முன் பொருள்களை இரண்டாகப் பிரியுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த, வரலாற்றுச் சிறப்புள்ள பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. முதல் உலகப் போரின் பொருள்கள் அனைத்தும் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. அஞ்சலில் போட்டால் சுங்கத் துறையிடம் சிக்கப்போவது நீங்கள்தான், வாங்குபவர் அல்லர். இரண்டாம் உலகப் போரின் பொருள்களுக்கு அந்த வயது இன்னும் வரவில்லை, என்றாலும் கூர் ஆயுதம் எதுவும் அந்தப் பெட்டியில் போகக்கூடாது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டோம். ஓர் அறையை ஐம்பது ஆண்டு பூட்டி வைத்துவிட்டு, அதன்மேல் அன்பு வரவில்லையே என்று வருந்துவது நியாயமாகாது. இப்போதேனும் எந்தப் பொருள் யாருடையது என்ற விவரத்தை எழுதுங்கள். அது இல்லாத சீருடை வெறும் பழந்துணி. எந்தத் தெருவில் எந்தக் குடும்பத்திடமிருந்து வாங்கினோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும் பதக்கங்களை, விளிம்பில் பெயர் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். எஞ்சியவற்றில் தனிச் சிறப்புள்ளவற்றைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கோ எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ கொடுக்கலாம். இரண்டிடத்திலும் படைக்கலக் காட்சிகள் ஏற்கெனவே உள்ளன. ஆகவே அவர்களிடம் இருப்பதையே நீங்களும் கொடுத்தால் அது கிடங்குக்குத்தான் போகும். சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு நேரே போய் நிற்காமல், படங்களோடு கூடிய பட்டியலை முன்கூட்டியே அனுப்பி, எது வேண்டும் என்று அவர்களைச் சொல்லவிடுங்கள். அதுவரை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைவில் வைத்து, பெட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். அந்துருண்டையைத் துணியில் படும்படி போடாமல் தனிச் சிறு பையில் கட்டிப் போடுங்கள். பதக்கங்களின் நாடாக்களில் உப்புக்காற்று படாமல் காகிதத்தில் சுற்றிவைத்தால், பட்டியலுக்குப் பதில் வரும்வரை அவை தாங்கும்.